பெயர்ப் பட்டியலில் இடம் பெறாதவர்கள்

ஜான் ஃபோர்டு இயக்கி 1939-இல் வெளியான 'ஸ்டேஜ்கோச்', ஹாலிவுட்டின் வெஸ்டர்ன் படங்களுக்குப் புது மரியாதை தேடித் தந்தது. பல ஆண்டுகளாக மலிவுத் தயாரிப்புகளில் காலம் தள்ளிய ஜான் வெய்ன் நட்சத்திரமானதும் அதில்தான். இந்த இருவரின் புகழும் நியாயமானது. ஆனால் அந்தப் புகழைச் சுமந்த மற்றவர்களுக்கு வரலாறு இன்னும் கடன்பட்டிருக்கிறது.

துரத்தல் காட்சியைப் பாருங்கள். அபாச்சி பழங்குடியினர் வேடத்தில் ஸ்டன்ட் கலைஞர் யாகிமா கனட், பாய்ந்தோடும் ஆறு குதிரை வண்டியின் முன்ஜோடி மீது தாவுகிறார். சுடப்பட்டதும் குதிரைகளுக்கு நடுவே விழுந்து, தரையில் உரசியபடி இழுபடுகிறார். பிறகு பிடியை விடுகிறார். குளம்புகள் இருபுறமும் கடக்க, வண்டி அவருக்கு மேலாகவே ஓடிப் போகிறது. மெதுவாகப் போகும் குதிரைகள் பக்கவாட்டில் அலையும். முழு வேகத்தில்தான் நேராக ஓடும். அந்த வேகத்தை நம்பியே அவர் உயிரைப் பணயம் வைத்தார். அதே துரத்தலில் வெய்னுக்குப் பதிலாகக் குதிரைகள் மீது தாவிச் செல்பவரும் அவரே.

படத்தின் மற்ற காட்சிகளில் பின்னணியாக ஓங்கி நிற்கும் செம்பாறைகள் அரிசோனா–யூட்டா எல்லையிலுள்ள மானுமென்ட் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. அது நவஹோ மக்களின் நிலம். 1930-களில் மண்ணரிப்பைத் தடுப்பதாகச் சொல்லி, அமெரிக்க அரசு அவர்களுடைய ஆட்டு மந்தைகளைக் குறைத்தது. பிழைப்பு நொடித்திருந்த அந்தக் காலத்தில், அங்கே கடை நடத்திய ஹாரி கோல்டிங் பள்ளத்தாக்கின் புகைப்படங்களோடு ஹாலிவுட்டுக்குப் போய் ஃபோர்டைச் சந்தித்தார். படப்பிடிப்பு வந்தது, நவஹோக்களுக்குக் கூலியும் கிடைத்தது. ஆனால் திரையில் அவர்கள் அபாச்சிகளாக, வண்டியைத் தாக்கும் பெயரற்ற கும்பலாக நின்றார்கள். கூலி கிடைத்தது என்பதால் அந்த அவமதிப்பு இல்லாமல் போய்விடாது.

வாயில்லா ஜீவன்களும் விலை கொடுத்தன. அதே 1939-இல் வந்த 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்துக்காகக் குன்றின் உச்சியிலிருந்து விழவைக்கப்பட்ட குதிரை இறந்தது. அதனால் எழுந்த கண்டனத்துக்குப் பிறகே படப்பிடிப்புகளில் விலங்குகளைக் கண்காணிக்கும் முறை வந்தது.

கனட்டுக்குக் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது 1967-இல். ஸ்டன்ட் கலைக்கென்று தனி ஆஸ்கர் விருது 2028 விழாவிலிருந்துதான் தொடங்கும் என்று அகாடமி அறிவித்திருக்கிறது. தாமதமானாலும் இது வரவேற்கத்தக்கது. விருதோடு கணக்கு தீர்ந்துவிடாது. ஒரு படத்தைக் காவியம் என்று கொண்டாடும்போது, யாருடைய உடலை, யாருடைய மண்ணைக் கொண்டு அது எடுக்கப்பட்டது, யாரை இழிவாகக் காட்டியது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். சினிமா வரலாறு அப்போதுதான் முழுமை பெறும்.