பழைய ராணுவ ரேடியோ சொல்லும் பாடம்

கம்ப்யூட்டர் வாங்கி சில மாதங்களே ஆனவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, "சார், இது எத்தனை வருஷம் வரும்?" என்பதுதான். முன்பெல்லாம் ப்ராசசரின் வேகம், ராம் மெமரியின் அளவு என்று பதில் சொல்லிக் கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. அதற்குக் காரணம் ஒரு ஸ்கேனரும் ஒரு ரேடியோவும்.

ஸ்கேனர் என்னுடையது. புதிய கம்ப்யூட்டரில் இணைத்தபோது அது இயங்கவில்லை. புதிய விண்டோஸிற்கான டிரைவர் புரோகிராமைத் தயாரித்த நிறுவனம் தரவில்லை. கேட்டதற்கு, "புது மாடல் வாங்கிடுங்க சார்" என்று பதில் வந்தது. ஸ்கேனரில் ஒரு பழுதும் இல்லை. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் அது குப்பைக்குப் போக வேண்டுமாம்!

அந்த வாரத்தில்தான், ஷார்ட்வேவ் ரேடியோ கேட்கும் பழைய ஆசையில், அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய ஆர்-390ஏ என்ற ரிசீவரின் கையேட்டை இன்டர்நெட்டில் இருந்து டவுன்லோட் செய்து படித்தேன். எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய சாதனம். முழு சர்க்யூட் படமும், ஒவ்வொரு பாகத்தையும் சோதித்துச் சரி செய்யும் வழியும் அதில் இருந்தன. அந்த ரிசீவரைப் பழுது பார்த்து இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

ஷார்ட்வேவ் என்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ரேடியோ அலைகள். வானில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் இவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்லும். கேபிளும் வேண்டாம், சாட்டிலைட்டும் வேண்டாம். ராணுவங்கள் இதை விரும்பியதில் வியப்பில்லை. ஆனால் நம் செய்தி தொலைவுக்குச் சென்றால் எதிரியின் காதுக்கும் செல்லும் அல்லவா? எனவே நல்ல ரிசீவருக்கான போட்டி தொடங்கியது.

1935ல் அமெரிக்காவின் நேஷனல் கம்பெனி எச்.ஆர்.ஓ. என்ற ரிசீவரை வெளியிட்டது. அலைவரிசைப் பகுதியை மாற்ற, முன்பக்கத்தில் உள்ள காயில் பெட்டியை உருவிவிட்டு வேறொன்றைச் செருக வேண்டும். டயலில் 0 முதல் 500 வரை எண்கள் இருக்கும். அது எந்த அலைவரிசை என்பதை வரைபடத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். இவ்வளவு சிரமம் இருந்தும் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் செய்திகளை ஒட்டுக்கேட்ட பிரிட்டிஷ் நிலையங்களில் இது பெரிதும் பயன்பட்டது.

ஒட்டுக்கேட்ட செய்திகள் பிளெட்ச்லி பார்க் என்ற இடத்திற்குச் சென்றன. அங்கே, லோரன்ஸ் மெஷின் மூலம் ரகசியமாக்கப்பட்ட டெலிபிரின்டர் செய்திகளை உடைக்க 1944ன் தொடக்கத்தில் கொலோசஸ் என்ற எலக்ட்ரானிக் கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கியது. வடிவமைத்தவர் டாமி பிளவர்ஸ். போர் முடிந்ததும் பெரும்பாலான கொலோசஸ் மெஷின்கள் பிரிக்கப்பட்டன; மேலிடத்து உத்தரவுப்படி பிளவர்ஸ் வரைபடங்களை எரித்தார். பின்னாளில் டோனி சேல் என்பவர் சில போட்டோக்களையும், எஞ்சியிருந்த துண்டு சர்க்யூட் படங்களையும் வைத்து அதை மீண்டும் உருவாக்க முயன்றார். 1993ல் தொடங்கிய வேலை 2007ல்தான் முழுமை பெற்றது. காகிதம் போனால் மெஷினும் போய்விடும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆர்-390ஏ இதற்கு நேர் எதிர். காலின்ஸ் ரேடியோ கம்பெனி வடிவமைத்து 1950களின் நடுவில் வந்த இது, 500 கிலோஹெர்ட்ஸ் முதல் 32 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். கார் மீட்டரில் ஓடும் எண்களைப் போல அலைவரிசையை எண்களாகவே காட்டும். வரைபடம் தேவையில்லை. எடை சுமார் 38 கிலோ! உள்ளே இருபதுக்கும் மேற்பட்ட வால்வுகள்.

என்னைக் கவர்ந்தது வேறு. இதன் உள்பகுதி தனித்தனி மாட்யூல்களாக உள்ளது. எந்த ஸ்குருக்களைக் கழற்றினால் மாட்யூல் வெளியே வரும் என்று தெரிய, அவற்றின் தலையில் பச்சை வண்ணம் பூசியிருக்கிறார்கள். கழற்றத் தேவையான கருவிகளை ரிசீவரின் பின்பக்கத்திலேயே மாட்டி வைத்திருக்கிறார்கள். காலின்ஸ் மட்டுமன்றி மோட்டோரோலா உள்ளிட்ட பல நிறுவனங்கள் இதே வரைபடத்தை வைத்து 50,000க்கும் மேல் தயாரித்தன. ஒரு நிறுவனத்தின் மாட்யூலை மற்றொரு நிறுவனத்தின் செட்டில் பொருத்தலாம். போர்முனையில் பழுதானால் கம்பெனிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க முடியாது என்பதால் வந்த ஏற்பாடு இது.

"ரேடியோவும் கம்ப்யூட்டரும் ஒன்றா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ரிசீவருக்கு வைரஸ் வராது. நம் கம்ப்யூட்டர் இன்டர்நெட்டில் இணைந்திருப்பதால் அப்டேட் இல்லாமல் பாதுகாப்பாக இயங்காது. மேலும் அந்த ரிசீவரை வாங்கியது ராணுவம். நாம் மாதச் சம்பளத்தில் வாங்குகிறோம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திறக்க முடியாதபடி ஒட்டுவதும், கையேடு தராமல் இருப்பதும் பாதுகாப்புக்காக அல்ல என்பதே என் கருத்து.

சிறிய, விலை குறைந்த பொருளும் நீண்ட நாள் வாழ முடியும். டி.வி. பார்ப்பதற்காக வந்த சில யு.எஸ்.பி. டாங்கிள்களில் உள்ள சிப், ரேடியோ சிக்னலை அப்படியே கம்ப்யூட்டருக்குத் தரும் என்பது 2012ல் தெரிய வந்தது. ஆர்வலர்கள் அதற்கு டிரைவர் எழுதி எல்லாருக்கும் இலவசமாகத் தந்தனர். டி.வி. டாங்கிள் ரேடியோ ரிசீவராகிவிட்டது. 38 கிலோ இரும்புப் பெட்டி செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று சாப்ட்வேர் செய்கிறது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. நன்றாக ஓடும் பல கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 11ன் தகுதிப் பட்டியலில் இல்லை. அவற்றில் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம். உடனே தூக்கி எறிய வேண்டாம்.

புதிதாக வாங்குகிறீர்களா? கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ராம், எஸ்.எஸ்.டி., பேட்டரி இவற்றைக் கழற்றி மாற்ற முடியுமா? சர்வீஸ் கையேடு கிடைக்குமா? பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை வரும்? வாங்கிய அன்றே எல்லா டிரைவர் பைல்களையும் கையேட்டையும் டவுன்லோட் செய்து ஒரு பென் டிரைவில் பத்திரப்படுத்துங்கள்.

இனி "எத்தனை வருஷம் வரும்?" என்று யாராவது கேட்டால், "பின்பக்க ஸ்குருவைக் கழற்ற விடுகிறார்களா என்று பாருங்கள்" என்பதே என் பதில். என் ஸ்கேனரா? லினக்ஸில் இணைத்தேன். டிரைவர் சி.டி. எதுவும் கேட்காமல் முதல் பக்கத்தை ஸ்கேன் செய்து கொடுத்தது.