தலைமையாசிரியரைத் தனியே விட்டுவிடுவதும் பாவமே



விடுதலைப் பயண நூலின் 18-ஆம் அதிகாரத்தில் ஒரு மாமனார் தம் மருமகனைக் காணப் பாலைநிலத்திற்கு வருகிறார். மறுநாள் அவர் காணும் காட்சி இது: மோசே அமர்ந்திருக்கிறார், காலை முதல் மாலை வரை மக்கள் அவரைச் சூழ்ந்து நிற்கிறார்கள், எல்லா வழக்குகளும் அவர் ஒருவரிடமே வந்து சேர்கின்றன. ஏன் இப்படித் தனியாக அமர்ந்திருக்கிறீர் என்று இத்திரோ கேட்கிறார். மோசேயின் மறுமொழி பக்தி நிறைந்தது. கடவுளின் திருவுளத்தை அறியவே மக்கள் தம்மைத் தேடி வருகிறார்கள் என்கிறார். இத்திரோ அந்தப் பக்தியைக் கண்டு மனம் உருகவில்லை. செய்வது முறையன்று என்றும், இப்படியே போனால் மோசேயும் தளர்ந்துபோவார், மக்களும் தளர்ந்துபோவார்கள் என்றும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்.

இந்த உரையாடலில் திருநூல் யார் பக்கம் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். சீனாய் மலையில் கடவுளோடு பேசப்போகும் மோசேயின் பக்கம் அது நிற்கவில்லை. வேற்றினத்தவரான மிதியான் அர்ச்சகரின் பக்கம் நிற்கிறது. பளுவைப் பக்தியால் மூடிவைப்பது தவறு; அதைப் பகிர்ந்தளிக்க ஆள்களைத் தேர்ந்து பயிற்றுவிக்க வேண்டும்; அந்த அறிவுரை வெளியாள் ஒருவரிடமிருந்து வந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். மோசே ஏற்றுக்கொண்டார். நாம்தான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

பள்ளிகள் திறந்துவிட்டன. நம் மறைமாவட்டங்களின் ஆர்.சி. தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் புதிய தலைமையாசிரியர்கள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். பணிமூப்பின்படி ஒருவருக்கு முறை வந்தது, ஆணை வந்தது, பங்குத்தந்தை பொன்னாடை போர்த்தினார், சாவிக்கொத்தும் பதிவேடுகளும் கைமாறின. அவரை அப்பணிக்கு ஆயத்தம் செய்ய நாம் எடுத்த முயற்சி பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிட்டது. வகுப்பறையில் சிறந்து விளங்கிய ஒருவர், ஒரே நாளில் நிர்வாகியாகவும் கணக்கராகவும் சட்டம் அறிந்தவராகவும் சமரசம் செய்பவராகவும் மாறிவிடுவார் என்று நம்புகிறோம். இதற்கு இறைநம்பிக்கை என்று பெயர் சூட்டுவது இறைவனையே அவமதிப்பதாகும்.

அவருடைய நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். 150 பிள்ளைகளைத் தாண்டினால்தான் ஐந்து ஆசிரியர்களோடு தனியாக ஒரு தலைமையாசிரியர். 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளை அச்சட்டத்திலிருந்து விலக்கியது உண்மையே. ஆயினும் நம் சிற்றூர்ப் பள்ளிகளின் நிலை இந்தக் கணக்கிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. ஆகவே நம் தலைமையாசிரியை இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் அமர்த்திக் கற்பிப்பவர். எழுத்தர் இல்லாததால் எமிஸ் தளத்தில் பதிவேற்றுபவரும் அவரே. 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் ஊரகப் பகுதிகளின் நிதியுதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. பசியோடு வந்த பிள்ளைகள் வயிறு நிறைந்து வகுப்பில் அமர்கிறார்கள்; இதற்காக ஆண்டவருக்கு நன்றி கூறுகிறோம். ஆனால் அடுப்பையும் தட்டையும் எண்ணிக்கையையும் கவனிக்கும் கண்கள் மீண்டும் அதே தலைமையாசிரியையின் கண்கள்தாம். இடையில் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வரும். வகுப்பில் 'எண்ணும் எழுத்தும்' பயிற்சி பாதியில் நிற்கும்.

இந்நிலையில், தலைமைத்துவ மனப்பாங்கு நம் தலைமையாசிரியர்களிடம் குறைந்துவிட்டது என்று கூட்டங்களில் நாம் வருந்துகிறோம். அந்த வருத்தத்தை நான் நம்பவில்லை. குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. அதை மறைக்க நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, இது இறையழைத்தல். அழைக்கப்பட்டவர் தம்மையே கொடுக்க வேண்டும் என்பது. அழைத்தல் என்பது உண்மை. ஆனால் அழைத்தலைச் சொல்லும் அதே திருச்சபை, பணியாளரின் உரிமையையும் சொல்லியிருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 231-ஆம் சட்டம், திருச்சபையின் பணிக்குத் தம்மை அளிக்கும் பொதுநிலையினர் அதற்கேற்ற பயிற்சி பெற வேண்டும் என்றும், தகுந்த ஊதியம் பெற அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் கூறுகிறது. 1965 அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையோ, கத்தோலிக்கப் பள்ளியின் வெற்றி ஆசிரியர்களையே சார்ந்திருப்பதால் அவர்களை மிகுந்த கவனத்தோடு ஆயத்தம் செய்ய வேண்டும் என்று வலியுறுத்துகிறது. குருத்துவத்திற்கு அழைக்கப்பட்டவனுக்குப் பல ஆண்டுக் குருமடப் பயிற்சி தருகிறோம். தலைமையாசிரியருக்கு மட்டும் அழைத்தலே பயிற்சியாகிவிடுமா?

இரண்டாவது, ஊதியம் தருவது அரசு. பயிற்சியும் அரசின் கடமை என்பது. அரசு தன் திட்டங்களுக்கான பயிற்சியைத் தருகிறது. ஆனால் பிள்ளையை இழந்த தாய்க்கு எப்படி ஆறுதல் சொல்வது, பிற சமயக் குழந்தைகள் நிறைந்த வகுப்பில் நற்செய்தியின் மணத்தை எவ்வாறு திணிப்பின்றிப் பரப்புவது, சாதிப் பெயர் சொல்லித் திட்டிய பெற்றோரை எப்படிக் கையாள்வது என்பவற்றை எந்த அரசுப் பயிற்சியும் நமக்காகக் கற்பிக்காது. பள்ளி நம்முடையது என்று அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவைக் காட்டி நீதிமன்றம் வரை செல்கிறோம். பணி நியமனத்தின்போது நம்முடையதாக இருக்கும் பள்ளி, பணியாளர் தளரும்போது மட்டும் அரசினுடையதாக மாறுவது என்ன நீதி?

மூன்றாவது, ஒருநாள் கருத்தரங்கு நடத்தினோமே என்பது. நடத்தினோம். நகரத்திலிருந்து பேச்சாளர் வந்தார். நேர்மறை எண்ணம், கனவு காணுதல், குழு உணர்வு பற்றித் திரையில் படங்கள் காட்டினார். மதிய உணவுக்குப் பின் சான்றிதழ் வழங்கினோம். மறுநாள் காலை அந்தத் தலைமையாசிரியை அதே அறைக்கு, அதே மூன்று வகுப்புகளுக்கு, அதே பதிவேற்றத்திற்குத் திரும்பினார். சுமையைச் சற்றும் இறக்காமல், சுமப்பவரின் மனப்பாங்கை மட்டும் மாற்றச் சொல்வது, ஓடாத வண்டியின் மாட்டுக்கு உபதேசம் செய்வதைப் போன்றது.

நான்காவது, அந்தக் காலத்துத் தலைமையாசிரியர்கள் எந்த உதவியுமின்றிச் சமாளித்தார்களே என்பது. அவர்களை வணங்குகிறேன். ஆனால் அவர்கள் தனியாக இருந்தார்கள் என்பது சரியன்று. பக்கத்திலே கன்னியர் இல்லம் இருந்தது, ஊரில் உபதேசியார் இருந்தார், ஆசிரியர் சொல்லுக்குக் கட்டுப்பட்ட ஊரார் இருந்தார்கள். அந்தத் துணைகள் பல இடங்களில் இன்றில்லை. துணைகள் போனபின்பும் அதே தாங்குதிறனை எதிர்பார்க்கிறோம்.

இனி என் சகோதரக் குருக்களிடம், குறிப்பாகத் தாளாளர் பொறுப்பு வகிப்பவர்களிடம், வெளிப்படையாகவே பேச வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாம் மாறிச் செல்கிறோம். பள்ளியின் நினைவும் தொடர்ச்சியும் தலைமையாசிரியரிடம்தான் இருக்கின்றன. ஆனால் வந்த முதல் வாரத்திலேயே எல்லா முடிவுகளையும் நம் மேசைக்கு இழுத்துக்கொள்கிறோம். சுண்ணாம்பு அடிக்கவும் நம் ஒப்புதல், சுற்றுலாவுக்கும் நம் ஒப்புதல். பங்குத் திருவிழா நன்கொடைச் சீட்டுகளை ஆசிரியர்கள் வழியாகவே விற்கிறோம். பெற்றோர் முன்னிலையில் தலைமையாசிரியரை ஒருமையில் பேசும் தாளாளரும் நம்மிடையே இல்லாமலில்லை. பிற இனத்துத் தலைவர்களைப் போல் அடக்கி ஆளாதிருங்கள் என்ற பொருளில் ஆண்டவர் தம் சீடருக்குக் கற்பித்ததை மாற்கு 10-ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்தப் பகுதியைப் பீடத்திலிருந்து விளக்கிவிட்டுப் பள்ளி அலுவலகத்தில் மறந்துவிடுகிறோம். பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் நல்லாசிரியர்களை நாம் அனைவரும் அறிவோம். அவர்கள் பணிவினால் மறுக்கவில்லை, அஞ்சியே மறுக்கிறார்கள்.

பள்ளியைப் பற்றி நம்மைவிட ஆழமாகச் சிந்தித்த ஒரு குரு இருந்தார். புனித ஜான் பாப்திஸ்து தெ லசால் பிரான்சு நாட்டின் ரெயிம்ஸ் நகரில் மதிப்புமிக்க பேராலயப் பதவி வகித்தவர். ஏழைச் சிறுவர் பள்ளிகளின் ஆசிரியர்கள் பயிற்சியின்றி, வழிகாட்டலின்றித் தடுமாறுவதைக் கண்டார். 1681-இல் அவர்களைத் தம் சொந்த வீட்டிலேயே தங்கவைத்து, தம் மேசையில் உணவருந்தச் செய்தார். உறவினர்கள் சினந்தார்கள், அவர் பின்வாங்கவில்லை. 1683-இல் பேராலயப் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் தம் செல்வத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். சிற்றூர் ஆசிரியர்களுக்கென்றே பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார். 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரை ஆசிரியர்கள் அனைவரின் பாதுகாவலராக அறிவித்தார். பிள்ளைகளைக் காக்க விரும்பிய அவர் முதலில் ஆசிரியரைக் காத்தார். ஆண்டுதோறும் அவர் பெயரால் ஆசிரியர் தினத் திருப்பலி நிறைவேற்றும் நாம், அவர் செய்ததில் எதைச் செய்கிறோம்?

இது நடவாத கனவு என்பார்க்கு அயர்லாந்தைக் காட்டுகிறேன். அங்கே தொடக்கப் பள்ளிகளில் மிகப் பெரும்பான்மையானவை கத்தோலிக்கப் பொறுப்பில் உள்ளவை. பாதிக்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில், நம் ஊரைப் போலவே, தலைமையாசிரியர் வகுப்பும் எடுக்கிறார். அத்தகையோருக்கு நிர்வாகப் பணிக்கென்று வகுப்பிலிருந்து விடுவிப்பு நாள்கள் உண்டு. அந்நாளில் வேறோர் ஆசிரியர் வகுப்பைப் பார்த்துக்கொள்வார். புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு அனுபவம் மிக்க தலைமையாசிரியர் ஒருவர் வழித்துணையாக அமைவார். அங்கும் சுமை தீர்ந்துவிடவில்லை. ஆனால் சுமை இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நம்மால் இயன்றவற்றையே கேட்கிறேன். பொறுப்பேற்கும் ஒவ்வொருவருக்கும், பணி நிறைவு பெற்ற நல்ல தலைமையாசிரியர் ஒருவரை ஓராண்டுக்கு வழித்துணையாகத் தாருங்கள். அவர் வேறு பங்கைச் சேர்ந்தவராகவும் தாளாளருக்குத் தகவல் சொல்லாதவராகவும் இருக்கட்டும். அருகருகே உள்ள மூன்று நான்கு பள்ளிகளுக்குச் சேர்த்துக் கணினி அறிந்த உதவியாளர் ஒருவரை மறைமாவட்டச் செலவில் அமர்த்துங்கள். மறைவட்ட அளவில் மாதம் ஒருமுறை தலைமையாசிரியர்கள் கூடட்டும். சுற்றறிக்கை வாசிக்க வேண்டாம், தங்கள் தோல்விகளை அச்சமின்றிப் பேசட்டும், நாம் தலைமை தாங்காமல் வெளியே இருப்போம். எந்த முடிவு தாளாளருடையது, எது தலைமையாசிரியருடையது என்பதை எழுத்தில் வகுத்துவையுங்கள்.

பணத்திற்கு எங்கே போவது என்பீர்கள். திருவிழாவின் ஒளியமைப்புக்கும் ஒலிபெருக்கிக்கும் நுழைவு வளைவுக்கும் வந்த பணம் எங்கிருந்து வந்ததோ, அங்கிருந்தே வரும். தேரை ஊர் கூடி இழுக்கிறோம். பள்ளியை மட்டும் ஒருவர் தோளில் ஏற்றிவிட்டுக் கைதட்டுகிறோம்.

தலைமையாசிரியப் பெருமக்களே, உங்களிடமும் ஒரு சொல். இத்திரோ மக்களைத் திருத்தவில்லை, மோசேயைத்தான் திருத்தினார். எல்லாவற்றையும் நானே செய்தால்தான் சரியாக இருக்கும் என்ற எண்ணம் தியாகத்தின் உடை அணிந்து வரும். உள்ளே பிறர்மேல் நம்பிக்கையின்மை இருக்கும். கைம்பெண்களின் உணவுப் பங்கீட்டில் குறை எழுந்தபோது திருத்தூதர்கள் தாங்களே இன்னும் கூடுதலாக உழைக்கவில்லை. நற்சான்று பெற்ற எழுவரைத் தேர்ந்து பொறுப்பை ஒப்படைத்தார்கள் (திப 6). உதவி கேட்பது தகுதியின்மை ஆகாது. கேளுங்கள், மறுத்தால் மீண்டும் கேளுங்கள்.

இதில் பணயமாக இருப்பது நம் நிறுவனங்களின் பெருமை அன்று. தலைமையாசிரியை தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் அந்த அரை மணி நேரத்தில், மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசையில் இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு பிள்ளை அமர்ந்திருக்கிறது. கூலி வேலைக்குச் சென்ற அதன் தாய்க்கு நம் பள்ளியைவிட்டால் வேறு போக்கிடம் இல்லை. நம் பள்ளிகளின் கல்வித்தரம் அப்பகுதியின் மற்றப் பள்ளிகளுக்கு இணையாகவேனும் இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 806 கட்டளையிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.

ஆண்டவரே, மோசேக்கு இத்திரோவை அனுப்பினீர். எங்கள் பள்ளிகளில் தனித்து அமர்ந்திருப்போருக்கு எங்களையே துணையாக அனுப்பும். செல்ல மறுக்கும் எங்கள் உள்ளங்களை நொறுக்கியேனும் அனுப்பும். ஆமென்.