இடைத்தரகர் ஒழிந்தபாடில்லை

இணைய வணிகம் என்று பேச்செடுத்தால் போதும், கிரிப்டோ அன்பர்கள் ஒரே பல்லவியைத் தொடங்கிவிடுகிறார்கள். அமேசானும் ஃபிளிப்கார்ட்டும் நடுவில் உட்கார்ந்து கமிஷன் பார்க்கின்றன; வாங்குபவரும் விற்பவரும் நேருக்கு நேர் கிரிப்டோவில் கொடுத்து வாங்கிக்கொண்டால் அந்தக் கமிஷன் மிச்சம்; பொருள் விலை இறங்கும்; யாருடைய கடையையும் யாரும் மூட முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை இனிமேல் வரப்போகும் புரட்சி என்று சொல்வதுதான் எரிச்சல். அது வந்தது, ஏழு வருடம் இருந்தது, போயும் சேர்ந்தது.

2013 அக்டோபரில் 'சில்க் ரோடு' என்ற கள்ளச்சந்தையை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இழுத்து மூடியது. சர்வர் இருந்ததால்தானே பிடித்தார்கள், நடுவில் சர்வரே இல்லாவிட்டால் யாரைப் பிடிப்பார்கள் என்று சிலர் யோசித்தார்கள். 2014 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த ஒரு பிட்காயின் போட்டியில் அமீர் தாக்கியும் அவர் கூட்டாளிகளும் 'டார்க்மார்க்கெட்' என்ற மாதிரியை எழுதிக் காட்டினார்கள். பெயரே வில்லங்கம். பிரையன் ஹாஃப்மன் அந்த நிரலை எடுத்து, 'ஓப்பன்பஜார்' என்று கௌரவமான பெயர் சூட்டி வளர்த்தார். 2015இல் அதற்கென்றே ஓபி1 என்ற நிறுவனம் பிறந்தது. ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ், யூனியன் ஸ்கொயர் வென்ச்சர்ஸ் போன்ற பெருமுதலைகள் 10 லட்சம் டாலர் போட்டார்கள். பின்னால் இன்னும் பல லட்சங்கள் வந்தன. 2016 ஏப்ரலில் சந்தை திறந்தது. கடை போடக் கட்டணம் கிடையாது, விற்பனையில் கமிஷன் கிடையாது, கணக்கை முடக்க முதலாளி கிடையாது. கேட்ட வரமெல்லாம் கிடைத்த சந்தை.

அதில் எத்தனை பேர் இருந்தார்கள்? கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018 ஜூன் முதல் 2019 செப்டம்பர் வரை அந்த வலைப்பின்னலைத் தினமும் அலசினார்கள். ஏறத்தாழ பதினான்கு மாதத்தில் உலகம் முழுவதும் கண்ணில் பட்டவர்கள் 6,651 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்கள். சராசரியாக ஒரு நாளில் ஒரே நேரத்தில் இருந்தவர்கள் சுமார் 80 பேர். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு சாதாரண வாரச்சந்தையில் வெற்றிலை விற்பவரிடமே அதைவிடக் கூட்டம் நிற்கும். பட்டியலில் இருந்த 24,379 பொருள்களில் பெரும்பாலானவை சட்டப்படியானவைதாம். ஆனால் அளந்து பார்க்க முடிந்த வியாபாரத்தில் பெரும்பகுதி சட்டவிரோதச் சரக்குக்கு நடந்தது. 2021 ஜனவரியில் ஓபி1 கடையைக் கட்டியது.

விளம்பரம் போதவில்லை, மென்பொருள் கடினமாக இருந்தது என்று அன்பர்கள் சமாதானம் சொல்வார்கள். கடினமாகத்தான் இருந்தது. ஆனால் நோய் அங்கே இல்லை.

ஓப்பன்பஜாரில் ஒருவர் பழைய செல்பேசி வாங்குவதாக வைத்துக்கொள்வோம். பாதுகாப்பு வேண்டுமென்றால் பணத்தை விற்பவரிடம் நேரே கொடுக்கக் கூடாது. மூன்று சாவி கொண்ட பூட்டுக்குள் போட வேண்டும். வாங்குபவரிடம் ஒரு சாவி, விற்பவரிடம் ஒன்று, இருவரும் ஒப்புக்கொண்ட நடுவரிடம் ஒன்று. யாராவது இரண்டு பேர் திறந்தால் பணம் நகரும். பார்சல் ஒழுங்காக வந்தால் நடுவருக்கு வேலையில்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே செங்கல் என்று வையுங்கள். வாங்கியவர் செங்கல்லைப் படம் எடுத்து அனுப்புகிறார். விற்றவர், பெட்டி கட்டும்போது எடுத்தது என்று செல்பேசியின் படத்தை அனுப்புகிறார். ஏதோ ஒரு நாட்டில் புனைபெயரில் இருக்கும் அந்த நடுவர் இரண்டு படத்தையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கொரியர்காரரைக் கூப்பிட்டுப் பெட்டியின் எடை எவ்வளவு என்று கேட்க அவருக்கு அதிகாரம் இல்லை. விற்றவர் போன மாதம் வேறு பெயரில் பத்துப் பேரை ஏமாற்றியவரா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அந்த நடுவரே விற்றவரின் மச்சானாகவும் இருக்கலாம். தீர்ப்புக்கு அவர் கூலியும் வாங்கிக்கொள்வார். வாசல் வழியாக விரட்டிய தரகரைக் கொல்லை வழியாகக் கூட்டிவந்தாயிற்று. இந்த முறை முகமும் முகவரியும் இல்லாமல்.

பிளாக்செயினுக்குப் பணம் கைமாறியது தெரியும். பெட்டிக்குள் இருப்பது என்ன என்று தெரியாது. முன்பின் தெரியாதவரிடம் பொருள் வாங்குவதில் தலைவலி முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. இணைய வணிகத்தை வளர்த்தவர்கள் தொடக்கத்திலேயே இதைப் புரிந்துகொண்டார்கள். 1995இல் தொடங்கிய ஈபே, அடுத்த ஆண்டே வாங்கியவர் விற்றவரைப் பற்றிக் கருத்துச் சொல்லும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சீனாவில் டாவ்பாவ் சந்தைக்காக 2004இல் வந்த அலிபே, பொருள் கைக்கு வரும்வரை வாங்குபவரின் பணத்தைத் தன்னிடம் நிறுத்திவைத்துத்தான் ஊரின் நம்பிக்கையைச் சம்பாதித்தது. கமிஷன் என்று நாம் திட்டுவதில் ஒரு கணிசமான பங்கு இந்தப் பஞ்சாயத்து வேலைக்கான கூலி. கூலியை நிறுத்தலாம், வேலை நிற்காது, யாராவது செய்துதான் ஆக வேண்டும்.

தேடலும் அப்படித்தான். சரக்கெல்லாம் ஆயிரம் கணினிகளில் சிதறிக் கிடந்தால் எந்தக் கடையில் எது இருக்கிறது என்று பட்டியல் போட ஒருவர் வேண்டும். ஓப்பன்பஜாரில் அதை ஓபி1 நிறுவனமும் இன்னும் சிலரும் செய்தார்கள். மையமில்லாத சந்தையின் கம்பெனி மூடியதும் சந்தை ஏன் சுருண்டது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

கமிஷன் பூஜ்யம் என்பதும் பாதி உண்மைதான். பிட்காயினை ஒரு முறை நகர்த்த வலைப்பின்னலுக்குக் கட்டணம் உண்டு. 2017 டிசம்பரில் அதன் சராசரி 50 டாலரைத் தாண்டியது. 20 டாலர் சட்டைக்கு 50 டாலர் தபால் செலவு! ஸ்டீம் விளையாட்டுக் கடை அந்த மாதமே பிட்காயினை நிறுத்திக்கொண்டது. அதே மாதம் 17ஆம் தேதி 20,000 டாலரை நெருங்கிய பிட்காயின், 22ஆம் தேதி ஒரு கட்டத்தில் 14,000க்கும் கீழே கிடந்தது. பார்சல் வழியில் இருக்கும்போதே பூட்டுக்குள் இருக்கும் பணம் இப்படிக் கரைந்தால் நட்டம் யார் தலையில்?

இப்போது ஸ்டேபிள்காயின் வந்துவிட்டதே என்பார்கள். டாலர் மதிப்பில் அது நிலையாக நிற்பதற்குக் காரணம், பின்னால் ஒரு கம்பெனி டாலரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அந்தக் கம்பெனி நினைத்தால் உங்கள் காசை முடக்கலாம். 2022 ஆகஸ்டில் கிரிப்டோவின் தடத்தை மறைக்கும் டொர்னாடோ கேஷ் சேவைக்கு அமெரிக்கா தடை போட்டவுடன், ஸ்டேபிள்காயின் வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் சம்பந்தப்பட்ட கணக்குகளை முடக்கியது. அப்படி யாரும் பின்னால் நிற்காமல் கணக்குச் சூத்திரத்தால் மட்டும் நின்ற டெர்ராவின் டாலர், அதே ஆண்டு மே மாதம் சரிந்தே போனது. கிரிப்டோ உலகில் உண்மையிலேயே கூட்டம் கூடிய ஓப்பன்சீ சந்தைகூட, 2.5 சதவீதக் கமிஷன் வாங்கிக்கொண்டு நடுவில் உட்கார்ந்த தரகர்தான்.

பெருநிறுவனங்களின் மேல் உள்ள கோபத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் கணக்கை முடக்குகிறார்கள், விற்ற பணத்தை வாரக்கணக்கில் நிறுத்திவைக்கிறார்கள். அமேசான் போட்டியை நசுக்குகிறது என்று அமெரிக்காவின் வணிக ஆணையமான எஃப்.டி.சி. 17 மாநிலங்களுடன் சேர்ந்து 2023 செப்டம்பரில் வழக்குப் போட்டது. நம் நாட்டுப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியிலேயே அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டின் மேலும் விசாரணைக்கு உத்தரவிட்டது. ஆனால் கவனியுங்கள்: வழக்குப் போட முடிகிறது, ஏனென்றால் எதிரிக்கு ஒரு முகவரி இருக்கிறது. 2020இன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்கின்றன. முகவரியில்லாத சந்தையில் அந்த நோட்டீஸை எந்தக் கதவில் ஒட்டுவது?

காசில்லாமல் காசு அனுப்பும் கனவும் இந்தியாவில் கிரிப்டோ இல்லாமலே நிறைவேறிவிட்டது. 2020 ஜனவரியிலிருந்து, வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. கிரிப்டோ கொடுத்துச் சேலை வாங்கினாலோ, வைத்திருந்த கிரிப்டோவின் லாபத்துக்கு 30 சதவீத வரி. அதோடு 2022 ஜூலையிலிருந்து ஒரு சதவீத டி.டி.எஸ். கணக்கும் உண்டு.

ஒரே முதலாளியின் பிடியை உடைக்கும் முயற்சியும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஓ.என்.டி.சி. என்ற திறந்த வலைப்பின்னலை 2022இல் சோதித்த முதல் ஐந்து ஊர்களில் கோயம்புத்தூர் ஒன்று. வாங்குபவர் ஒரு செயலியில், விற்பவர் வேறொரு செயலியில் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும் ஆள் உண்டு. அது அமேசானை அசைத்துவிட்டதா என்றால் இல்லை. தகராறு வந்தால் ஒரு செயலி இன்னொன்றைக் கை காட்டும் தொல்லையும் உண்டு. ஆனாலும் அதில் பழுது பார்க்க இடமிருக்கிறது. கணக்கை முடக்கினால் காரணத்தை எழுத்தில் கொடு, விற்ற பணத்தை இத்தனை நாளுக்கு மேல் வைத்திருக்காதே, ஒரு கடைக்காரர் பத்து வருடம் உழைத்துச் சேர்த்த நட்சத்திரங்களை அடுத்த தளத்துக்கு எடுத்துப்போக விடு: இவற்றை விதியாக எழுதச் சொல்லி வணிகர் சங்கங்கள் டெல்லியை நெருக்கலாம்.