கைதட்டலும் சேர்ந்ததே கச்சேரி

பெங்களூரில் ஸ்ரீராமநவமி என்றால் பானகமும் கோசம்பரியும் மட்டுமல்ல, கச்சேரியும்தான். சாமராஜபேட்டையின் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தோடு பெயர் இணைந்துவிட்ட ஸ்ரீராமசேவா மண்டலி, 1939இல் தொடங்கி இந்த இசைவிழாவை நடத்திவருகிறது. பந்தலின் கீழ் அமர்ந்து கேட்கும்போது பாடகரின் குரல் மட்டும் நம் செவியை எட்டுவதில்லை. சாலையில் செல்லும் வண்டிகளின் ஓசை, எதிர்பாராமல் வரும் கோடைமழையின் இரைச்சல், முன்வரிசைப் பெரியவர் தம்மை மறந்து சொல்லும் "பலே" ஆகியவையும் உடன் வருகின்றன. ஒலிப்பதிவுக் கூடத்துப் பொறியாளர் இவற்றைக் குறை என்பார். நேரடி ஒலிப்பதிவின் உயிரே இவற்றில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடங்களே இடம் உண்டு. ஒரு மணி நேரம் விரிய வேண்டிய ராகத்தை நம் வித்வான்கள் அந்தச் சிறிய சிமிழில் அடைத்துத் தந்தார்கள். அது பெரும் திறமைதான். ஆனால் கச்சேரி என்பது வேறு. பாடகர் ஆலாபனையில் ஒரு புதிய பிடியைத் தொடுகிறார். வயலின் அதை வாங்கித் திருப்பித் தருகிறது. அவையில் ஒரு முனகல் எழுகிறது. அந்த ஊக்கத்தில் பாடகர் அடுத்த படிக்கு ஏறுகிறார். கூடத்தில் பிழை நேர்ந்தால் மறுபடியும் பாடலாம். மேடையில் அதற்கு வழியில்லை. அந்தத் துணிவைத்தான் நேரடிப் பதிவு நமக்குச் சேர்த்துத் தருகிறது.

இது கர்நாடக இசைக்கு மட்டும் உரியதன்று. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் வங்கதேச அகதிகளுக்காக நடந்த நிகழ்ச்சியில், பண்டிட் ரவிசங்கரும் உஸ்தாத் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து நிறுத்தியதுமே அரங்கம் கைதட்டியது. அதையே வாசிப்பு என்று அவர்கள் எண்ணிவிட்டார்கள். அந்தக் கைதட்டல் இசைத்தட்டிலும் இடம்பெற்றது. இரு பண்பாடுகள் முதன்முறையாகச் சந்திக்கும் வெகுளித்தனம் அதில் பதிந்திருக்கிறது. 1975 ஜனவரியில் ஜெர்மனியின் கொலோன் நகரில் கீத் ஜாரெட்டுக்குக் கிடைத்தது அவர் கேட்ட பியானோ அன்று. மேல் ஸ்வரங்கள் சன்னமாகவும் கீழ் ஸ்வரங்கள் வலுவின்றியும் ஒலித்த சிறிய பியானோ. அவர் நடு ஸ்தாயியையே பெரிதும் நம்பி மனோதர்மமாக வாசித்தார். அப்பதிவு பல லட்சம் படிகள் விற்றது. அதே ஆண்டில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் மேடையில் பதிவானதே, எல். சங்கரின் வயலினும் விக்கு விநாயகராமின் கடமும் ஜாகிர் உசேனின் தபலாவும் ஜான் மெக்லாஃப்லினின் கிதாரும் கலந்த சக்தி குழுவின் முதல் இசைத்தட்டு.

நேரடிப் பதிவு என்பதாலேயே எல்லாம் சிறந்ததாகிவிடாது. ஒலிவாங்கி வைத்த இடம் சற்றே பிசகினால் மிருதங்கம் குரலை விழுங்கிவிடும். பாலக்காடு மணி ஐயர் ஒலிபெருக்கியையே விரும்பாதவர். ஒலிபெருக்கி பரவாத நாளில், பெரிய அவைக்கும் வயலின் கேட்க வேண்டும் என்று ஏழு தந்தி வயலினைக் கையாண்டவர் மைசூர் டி. சௌடையா; அவர் பெயரால் வயலின் வடிவிலேயே அமைந்த அரங்கம் 1980 முதல் இந்நகரில் நிற்கிறது. அரங்கில் அமர்ந்து கேட்பதற்கு ஈடு எதுவும் இல்லை. எனினும் நாம் பிறக்கும் முன் நடந்த கச்சேரிக்குள் நுழைய வேறு வாயில் ஏது?

அந்த வாயில் மெல்ல மூடிக்கொண்டிருக்கிறது என்பதே கவலைக்குரியது. முந்தைய தலைமுறை ரசிகர்கள் பதிவுசெய்த ஸ்பூல் நாடாக்களும் கேசட்டுகளும் பல வீடுகளின் பரணில் உறங்குகின்றன. நாடாவின் மீதுள்ள காந்தப் பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தால் இளகும், பூஞ்சை படரும், அவற்றை ஓட்டும் கருவிகளும் அருகிவருகின்றன. நிலப்பத்திரத்தையும் நகையையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டும் நாம், மீண்டும் ஈட்ட முடியாத இச்செல்வத்தைத் தூசியில் விட்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பூஞ்சை பிடித்த நாடாவை நீங்களே ஓட்டிப் பார்க்காமல், அறிந்தவரிடம் கொடுத்து எண்ம வடிவுக்கு மாற்றுங்கள். பாடியவர், பக்கவாத்தியக்காரர்கள், நாள், இடம் ஆகியவற்றை மறவாமல் எழுதி வையுங்கள். சென்னை மியூசிக் அகாதமியில் இருப்பதுபோன்ற கேட்பு ஆவணகம் ஒவ்வொரு பெருநகரத்துக்கும் தேவை. சபாக்கள் முன்வந்தால் அது கூடும்.

ஒன்றை மறக்கலாகாது. கலைஞரின் நிகழ்த்துரிமையை நம் பதிப்புரிமைச் சட்டம் 50 ஆண்டுகள் காக்கிறது. சொந்தமாகக் கேட்பது வேறு, ஊருக்கு வெளியிடுவது வேறு. வெளியிடும் சபா கலைஞரின், அல்லது அவர் வாரிசுகளின், இசைவைப் பெற்று, வருவாயில் பங்கும் தர வேண்டும். கைதட்டியதோடு நம் கடன் தீர்ந்துவிடுவதில்லை. பாடியவருக்கு உரியதைப் பாடியவருக்குச் சேர்ப்பதும் ரசனையின் ஒரு பகுதியே.