அடி உதவாது

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று நம் தலைமுறை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பேரன் ஓரிடத்தில் உட்காரவில்லை, பாதி எழுதிவிட்டு ஓடுகிறான் என்றால் உடனே "திமிர்" என்கிறோம்.

முப்பது வருடம் கரும்பலகை முன் நின்றவன் சொல்கிறேன்: கண், காது கோளாறாக இருக்கலாம். ஏ.டி.எச்.டி.யாகவும் இருக்கலாம். அது மூளை வளர்ச்சி சார்ந்தது, பிரம்புக்குத் தீராது. 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது. வீட்டில் நாம் தொடர்கிறோம்!

முன் பெஞ்சில் இடம், ஒரு நேரத்தில் ஒரே வேலை, நடுவில் எழுந்து நடக்க அனுமதி. இதற்கெல்லாம் காசா செலவாகிறது?

மருத்துவரிடம் காட்ட மகனும் மருமகளும் கிளம்பினால், "இவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான்" என்று தடுக்காதீர்கள். இது பரம்பரையாகவும் வரும் ஐயா. காட்டுவதற்கு அதுவே காரணம்.