மடிநோய்க்கு அரைகுறை ஊசி வேண்டாம்

தொழிற்சாலைகள் பெருகிய ஓசூர், கிருஷ்ணகிரி பகுதியில் பாலுக்கு எந்நாளும் கிராக்கி. ஓரிரு மாடு வைத்திருப்போருக்கு அதுதான் கைச்செலவு. மாட்டுக்கு மடிநோய் கண்டால் மருந்துக் கடையில் ஊசி மருந்து வாங்கிப் போட்டு, வீக்கம் வடிந்ததும் நிறுத்திவிடுகிறோம். இது தவறு.

மடிநோய்க் கிருமிகளில் முக்கியமானது 'ஸ்டபைலோகாக்கஸ் ஆரியஸ்'. மனிதருக்குச் சீழ்க்கட்டி உண்டாக்குவதும் இதுவே. இரத்தத்திலுள்ள நோய் எதிர்ப்புப் பொருளைத் தலைகீழாகப் பற்றிச் செயலிழக்கச் செய்கிறது. இரத்தத்தை உறையவைத்து அதையே போர்வையாக்கிக் கொள்கிறது. தன்னை விழுங்கிய வெள்ளணுவுக்குள்ளும் உயிரோடு தங்குகிறது. வீக்கம் வடிந்தாலும் மடிக்குள் பதுங்கியிருந்து மறுபடி கிளம்பும். மறுபடி ஊசி போடுவோம். இப்படி மருந்தைக் கண்டு பிழைத்த கிருமிகளே பெருகுகின்றன.

பென்சிலின் புழக்கத்துக்கு வந்த 1940-களிலேயே அதற்கு அடங்காத வகை தோன்றிவிட்டது. மெத்திசிலினுக்கும் அடங்காத வகை 1961-ல் இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்டது. அத்தகைய கிருமி மாட்டிலிருந்து கறப்பவருக்கும், அவரிடமிருந்து மாட்டுக்கும் தொற்றக்கூடும்.

ஆகவே ஊசிக்கு முன் பாலைச் சோதித்து, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று அறிய வேண்டும். இவ்வசதி சிறு விவசாயிக்கும் எட்டும்படி செய்வது அரசின் கடமை.

நம் கடமையும் உண்டு. மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தாதீர்கள். அவர் சொல்லும் கெடு முடியும்வரை பாலை விற்காதீர்கள். நோய்கண்ட மாட்டைக் கடைசியில் கறந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கறந்ததும் தீவனம் போட்டு அரைமணி நேரம் நிற்கவையுங்கள். காம்புத் துளை மூடியபின் படுக்கட்டும். ஒரு காம்பு போனால் மாட்டின் விலையே போச்சு.