இரண்டு சதவீத ஜாஸ்

ஜாஸ் என்று சொன்னாலே நம்ம பசங்க பாதிப் பேர் எழுந்து ஓடிடுவாங்க. "அது லிஃப்ட்ல போடற மியூசிக்டா" என்று ஒரு கோஷ்டி. "அதெல்லாம் கண்ணை மூடி, அசையாம உட்கார்ந்து கேட்கணும்" என்று இன்னொரு கோஷ்டி. இரண்டு கோஷ்டிக்கும் என்னிடம் ஒரே மருந்துதான் இருக்கு: மேசியோ பார்க்கரின் 'லைஃப் ஆன் பிளானட் க்ரூவ்'.

1992 மார்ச்சில், ஜெர்மனியின் கொலோன் நகரத்து ஸ்டாட்கார்ட்டன் அரங்கில், ரசிகர்கள் முன்னால் பதிவு செய்தது. ஆல்டோ சாக்ஸ் மேசியோ, டெனர் சாக்ஸ் பீ வீ எல்லிஸ், டிராம்போன் ஃப்ரெட் வெஸ்லி. மூன்று பேருமே ஜேம்ஸ் பிரவுனிடம் இருந்தவர்கள். அங்கே அவர் பாடுவார், இவர்கள் பின்னால் நின்று பதில் சொல்வார்கள். இங்கே பாடகர் நிற்கிற இடத்தில் இவர்களே நிற்கிறார்கள்.

ஆரம்பத்திலேயே மேசியோ கூட்டத்திடம் கணக்குச் சொல்லிவிடுகிறார்: எங்க வாசிப்பில் ஜாஸ் 2 சதவீதம், மீதி 98 ஃபங்க். பி.காம். படிக்கிறவன் காதில் சதவீதம் விழுந்தால் சும்மா விடுவானா? :-)

என் வாதம் இதுதான்: அந்த 98-ஐத் தூக்கி நிறுத்துவதே இந்த 2 தான்.

'ஷேக் எவ்ரிதிங் யூவ் காட்' பாட்டையே எடுத்துக்குங்க. 16 நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. கென்வுட் டென்னார்டின் டிரம்ஸ், ராட்னி ஜோன்ஸின் கிட்டார், பேஸையும் சேர்த்தே வாசிக்கிற லாரி கோல்டிங்ஸின் ஆர்கன், மூன்றும் ஒரே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. முதல் தட்டில் அழுத்தம் விழும். சாக்ஸும் டிராம்போனும் அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிற சந்துகளில் புகுந்து குத்தும். மேசியோ சாக்ஸை டிரம்ஸ் மாதிரியே வாசிக்கிறார்: துண்டு துண்டான ஸ்வரம், சட்டென்று ஒரு மௌனம். வெறும் தாளம் மட்டும் என்றால் நாலு நிமிஷத்தில் சலித்திருக்கும். சலிக்கவில்லை. காரணம், அடுத்து என்ன வரும் என்பது அந்த நிமிஷத்தில்தான் முடிவாகிறது. அதுதான் ஜாஸ்.

இது தற்செயல் இல்லை. எல்லிஸ் இளவயதில் சோனி ராலின்ஸிடம் பாடம் கேட்டவர். ஜேம்ஸ் பிரவுனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'கோல்ட் ஸ்வெட்' (1967), ஃபங்க் இசைக்கே அஸ்திவாரம் என்பார்கள். அதில் வரும் அந்த இரண்டு ஸ்வரப் பிடி, மைல்ஸ் டேவிஸின் 'சோ வாட்' (1959) கொடுத்த பாதிப்பு என்று அவரே சொல்லியிருக்கிறார். ராட்னி ஜோன்ஸ் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவில் இருந்தவர். ஆக, அஸ்திவாரத்திலேயே ஜாஸ் கலந்திருக்கிறது.

"இது ஜாஸே இல்லை" என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு காலத்தில் ஜாஸ் என்றாலே ஆடுவதற்கான இசைதான். கூட்டம் ஆடினால் இசையின் மதிப்பு குறைந்துவிடும் என்பது பின்னால் வந்த பழக்கம். இந்தப் பதிவில் கூட்டம் கத்துகிறது, கூடவே பாடுகிறது. அந்தச் சத்தம் ஏற ஏற வாசிப்பும் சூடேறுகிறது. ஸ்டுடியோவில் இதை எங்கே போய் வாங்குவது?

கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீங்க, பேஸ் முழுக்கப் போயிடும். நல்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு அந்த 16 நிமிஷப் பாட்டை நடுவில் தள்ளிவிடாமல் கேளுங்க. பத்தாவது நிமிஷத்திலும் உங்க கால் ஆடாமல் இருந்தால், நீங்க லிஃப்ட் கோஷ்டியிலேயே இருந்துக்கலாம்.